கேப்டனை எழுப்பலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் எழுதிவரும் கப்பல் நினைவுகளை விடாமல் வாசிக்கிறேன். களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையில், நான்கு வருடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பழைய மேனேஜர் வயதாகி நின்றுவிட்டதும் முதலாளி என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். எனக்கு 31 வயது. 140 பெண்கள் வேலை செய்கிறார்கள். பாதிப் பேருக்கு என் அம்மாவின் வயது. தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகிற இடம். எல்லாருக்கும் நான் "மோளே"தான், அதாவது மகளே.

பழைய மேனேஜரை எம்டன் என்பார்கள். வாசலில் அவர் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டாலே கொட்டை தல்லுகிற, அதாவது தட்டி உடைக்கிற, இடத்தில் பேச்சு நின்றுவிடும். அவர் காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று முதலாளி அடிக்கடி சொல்கிறார். போன மாதம் என்னைத் திருவனந்தபுரத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார். ஒரு போர்க்கப்பல் கேப்டன் தன் கப்பலை எப்படி மாற்றினார், அதிலிருந்து நிர்வாகிகள் என்ன கற்கலாம் என்று ஒருவர் நாள் முழுக்கப் பேசினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் எதுவும் இங்கே ஒட்டவில்லை. கப்பலில் கேப்டன் சொன்னால் சட்டம். சுற்றிலும் தண்ணீர், யாரும் இறங்கிப் போக முடியாது. இங்கே நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் திங்கட்கிழமை இருபது பேர் படந்தாலுமூட்டில் வேறு ஆபீசுக்குப் போய்விடுவார்கள்.

முதலாளியும் நினைத்த நேரத்தில் உள்ளே வந்து நேராகப் பெண்களிடமே "அதை நிறுத்து, இதை எடு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று அவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இந்த மாதம் துண்டுப் பருப்பு கூடிவிட்டது. அதற்கு ஏச்சு எனக்குத்தான்.

பயம் இல்லாமல் ஒரு கப்பலை நடத்த முடியுமா? நான் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாமா, தள்ளி இருக்க வேண்டுமா? நீங்கள் கடற்படையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் தல்லுகிற அக்கா ஒருவர் என் மேசைக்கு வந்து "மோளே, இந்த லோடு..." என்று ஆரம்பித்தார். நான் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்து "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று போய்விட்டார். ஏனோ அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆர். எஸ்.
களியக்காவிளை

அன்புள்ள ஆர். எஸ்.,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்தக் கப்பலையும் நடத்தியவன் இல்லை. 1986-ல் பிளஸ் டூ முடித்து, அன்றைய ஒரிசாவில் சில்கா பயிற்சித் தளத்துக்கு ரயிலேறி, 15 வருடம் மாலுமியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். என் வேலை பெரும்பாலும் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தட்டு அறையில். முதலில் லுக்அவுட், அதாவது கடலைக் கண்காணித்துப் பார்த்ததைச் சொல்கிறவன், அப்புறம் சுக்கான் பிடிப்பவன். கேப்டனுக்கு இரண்டு கை தூரத்தில் நின்று ஏழு கேப்டன்களைப் பார்த்திருக்கிறேன். தலைமையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் அநேகமாக மேலே இருந்தவர்கள். கீழே நின்றவனுக்குத் தெரிந்ததை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

இன்னொன்று. என் அம்மா 22 வருடம் அண்டி தல்லியவர். தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, ரேகை தேய்ந்துவிட்டது. இன்றைக்கும் ரேஷன் கடை மெஷினில் அவர் விரல் ஒரே தடவையில் பதிவதில்லை. அதனால் உங்கள் கடிதத்தை நான் உங்கள் நாற்காலியிலிருந்து ஒரு தடவையும், தல்லுகிற பலகையிலிருந்து ஒரு தடவையும் வாசித்தேன்.

கேப்டனுக்குச் சட்டம் துணை நிற்கிறது என்று சொல்கிறீர்கள். உண்மைதான். 1957-ம் வருடத்துக் கடற்படைச் சட்டம் அவருக்குத் தண்டிக்கும் அதிகாரம் தருகிறது. ஊருக்குப் போகும் லீவை நிறுத்தலாம், காவலில் வைக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தால் என்னிடமிருந்து எதை வாங்க முடிந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். "போர்ட் டென்" என்று உத்தரவு வரும். நான் அதைத் திருப்பிச் சொல்லி, சுக்கானை இடப்பக்கம் பத்து டிகிரி திருப்பி, "டென் ஆஃப் போர்ட் வீல் ஆன், சார்" என்பேன். இதை வாங்கச் சட்டம் போதும். ஆனால் கப்பல் நேற்றைவிட இன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகத் திரும்புகிறது, ஏதோ சரியில்லை என்று என் கைக்குத் தோன்றுகிறதே, அதை என் வாயிலிருந்து வாங்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. சொல்லாமல் இருந்தேன் என்று தண்டிக்கவும் முடியாது. எனக்குத் தோன்றியது யாருக்குத் தெரியும்?

கேப்டனுக்கு மிகவும் தேவைப்படுவது இந்த இரண்டாவது சரக்குதான். உங்களுக்கும் அதுதான் தேவைப்படுகிறது. கேட்டு வாங்க முடியாத சரக்கு அது என்பதில் அவரும் நீங்களும் ஒரே நிலைமையில்தான் இருக்கிறீர்கள். உங்கள் பெண்கள் படந்தாலுமூட்டுக்குப் போக முடியும், நாங்கள் போக முடியாது. அதனால் நாங்கள் அங்கேயே நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டோம். போய்விடுகிற ஆளைவிட அப்படி நிற்கிற ஆள் ஆபத்து.

இதைப் புரியவைக்க, கேப்டன் தூங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பல் தூங்காது, கேப்டன் மனிதர், தூங்கித்தான் ஆக வேண்டும். கடலில் இருக்கும்போது அவர் கீழே தன் பெரிய அறைக்குப் போவதில்லை. பிரிட்ஜை ஒட்டி ஒரு சின்ன அறையில் முக்கால்வாசி உடுப்போடு படுப்பார். படுக்கும் முன் ஒரு நோட்டில் கையால் எழுதுவார். இரவு உத்தரவு நோட்டு. எந்தத் திசை, என்ன வேகம், எத்தனை மணிக்கு எந்தக் கலங்கரை விளக்கம் தெரிய வேண்டும், எதற்கெல்லாம் தன்னை எழுப்ப வேண்டும். எதிரே வரும் கப்பல் இத்தனை தூரத்துக்குள் நெருங்குமானால் எழுப்பு. மூடுபனி இறங்கினால் எழுப்பு. சந்தேகம் வந்தால் எழுப்பு. இரவு வாட்சில், அதாவது முறைக்காவலில், வரும் ஒவ்வொரு ஆபீசரும் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கப்பலை வாங்கிக்கொள்வார். எழுப்பலாமா வேண்டாமா என்று ஒரு யோசனை வந்துவிட்டாலே எழுப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பழைய மாலுமிகள் எங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

எல்லாக் கேப்டன்களும் இதையே எழுதினார்கள். வாசகம் கூட அநேகமாக ஒன்றுதான். ஆனால் சிலரை ஆபீசர்கள் எழுப்பினார்கள், சிலரை எழுப்பவில்லை. போன தடவை எழுப்பியபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பதுதான் அதை முடிவு செய்தது. "இதுக்கா எழுப்பினாய்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அந்த நோட்டில் என்ன எழுதியிருந்தாலும் அதன் பிறகு செல்லாது.

என் மூன்றாவது வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இதை நான் இதுவரை எழுதியதில்லை. கப்பலின் பெயர் வேண்டாம். கொச்சியிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தோம். நடுச்சாமம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை மிடில் வாட்ச். உடம்புக்கு மிகவும் கஷ்டமான வாட்ச் அது. நான் பிரிட்ஜின் இடப்பக்க இறக்கையில், அதாவது பக்கவாட்டில் நீண்டிருக்கும் திறந்த தட்டில், லுக்அவுட். தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. முறைப்படி "ரெட் ஃபோர் ஃபைவ், வெளிச்சம்" என்று கத்தினேன். இடப்பக்கம் 45 டிகிரியில் என்று அர்த்தம். வாட்ச் ஆபீசர் உள்ளேயிருந்து, "ரேடாரில் பார்த்தாச்சு. சும்மா கத்தாதே" என்றார். கூட நின்ற ஒருவன் சிரித்தான். அவ்வளவுதான் நடந்தது.

ஒரு அரைமணி நேரம் கழித்து இன்னொரு வெளிச்சம். அதை வெளிச்சம் என்று சொல்லலாமா என்றே தெரியவில்லை. ஒரு பொட்டு. அலை ஏறும்போது தெரிகிறது, இறங்கும்போது இல்லை. கடலோர ஊரில் பிறந்தவனுக்கு அது என்ன என்று தெரியாமல் இருக்குமா? வலை போட்டுவிட்டுக் கிடக்கிற வள்ளம், உயர்த்திப் பிடித்த ஒரு விளக்கு. மர வள்ளம் ரேடாரில் சரியாக விழாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நிச்சயமாகட்டும் என்று நின்றேன். நான்கு நிமிடம் இருக்கும்.

அப்புறம் இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "லேய்! லேய்!"

எங்கள் ஊர்க் குரல். தூத்தூரோ, வள்ளவிளையோ, நீரோடியோ. கொச்சியைத் தளமாக வைத்து வருடத்தில் பாதி நாள் ஆழ்கடலில் கிடக்கிறவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். நான் அலறினேன், ஆபீசர் சுக்கானை முழுக்க ஒடிக்கச் சொன்னார், கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. வள்ளம் எங்கள் பக்கவாட்டில் முப்பது மீட்டர் தூரத்தில் ஆடிக்கொண்டு பின்னால் போனது. நான்கைந்து பேர் எழுந்து நிற்பது தெரிந்தது.

கப்பல் சாய்ந்ததில் கேப்டன் விழித்து பனியனோடு மேலே வந்தார். முதலில் வேகத்தைக் குறைத்து, விளக்கடித்து, வள்ளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்தார். யாரையும் ஏசவில்லை. நான்கு மணிக்கு வாட்ச் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். வடநாட்டுக்காரர். என் இந்தி அப்போது உடைந்த இந்தி. "எப்போது பார்த்தாய்?" என்றார். நான்கு நிமிடம் முன்னால் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், ஏனோ வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. "அதற்கு முன்னால் நீ ஏதாவது சொன்னாயா? அதற்கு என்ன பதில் வந்தது?"

மறுநாள் இரவு நோட்டில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. லுக்அவுட் சொல்லும் ஒவ்வொரு தகவலுக்கும், ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தாலும், வாட்ச் ஆபீசர் உரக்கப் பதில் சொல்ல வேண்டும். அதோடு நிற்கவில்லை. அதே மிடில் வாட்சில், அதே இறக்கையில் என்னையே நிறுத்தச் சொன்னார். இரண்டு மணிக்குத் தானே வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "வெரி குட்" என்றார். மூன்றரை மணிவாக்கில் கிழக்கே அடிவானத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். வலப்பக்க லுக்அவுட் அதைக் கப்பல் என்று நினைத்து "கிரீன் நைன் ஜீரோ, வெளிச்சம்" என்று கத்தினான். அது உதிக்கிற சுக்கிரன். எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் சிரிக்கும் முன் கேப்டன் முந்திக்கொண்டார். "வெரி குட். அது சுக்கிரன். அடுத்ததையும் சொல்லு."

அந்த "அடுத்ததையும் சொல்லு" என்பதை நான் 35 வருடமாக வைத்திருக்கிறேன். அந்த மனிதரைவிடக் கெட்டிக்காரர்களின் கீழே வேலை செய்திருக்கிறேன். பயிற்சியில், போட்டியில், கப்பலைத் துறைமேடையில் அணைப்பதில் அவரைவிடத் திறமைசாலிகள் உண்டு. ஆனால் அவர் கப்பலில் இருந்தபோது மட்டும்தான் என் கண் முழுசாகக் கப்பலுக்காக வேலை செய்தது.

இப்போது உங்கள் எம்டன் விஷயம். செருப்புச் சத்தத்தில் பேச்சு நின்றுபோனதை ஒழுங்கு என்று உங்கள் முதலாளி நினைக்கிறார். என் அம்மா வேலை செய்த இடத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். வறுவல் கூடிப்போனால் தல்லும்போது பருப்பு உடையும். அது முதலில் தெரிவது தல்லுகிறவருக்குத்தான். மேனேஜருக்கு அது தெரிய சாயங்காலம் ஆகும், முதலாளிக்குத் தெரிய மாதக் கடைசி ஆகும். "வறுவல் சரியில்லைன்னு காலையிலயே சொல்லலாமே அம்மா" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "எதுக்கு? சொன்னா ஏச்சு. சொல்லாட்டி அன்னைக்குக் கூலி குறையும், அவ்வளவுதானே" என்பார். முழுப்பருப்பின் எடைக்குக் கூலி வாங்குகிற ஒரு பெண், தன் கூலி குறைவதைவிட ஏச்சு வாங்குவது பெரிய நஷ்டம் என்று கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கில் ஆபீசுக்கு எவ்வளவு நஷ்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தப் பெயர் வந்த கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. சென்னையே நடுங்கியது. அன்றிலிருந்து யாராவது பயமுறுத்துகிற ஆளாக இருந்தால் தமிழில் எம்டன். ஆனால் அந்தக் கப்பலின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் வேறு மாதிரி ஆள். வங்கக்கடலில் வணிகக் கப்பல்களைப் பிடித்தபோது, அதில் இருந்தவர்களையெல்லாம் முதலில் இறக்கிப் பத்திரமான கப்பலில் ஏற்றிவிட்டுத்தான் மூழ்கடித்தார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவர் கண்ணியத்தைப் புகழ்ந்தன. அதே வருடம் நவம்பர் 9-ம் தேதி கொக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டபோது, மிச்சமிருந்த ஆட்களைக் காப்பாற்றக் கப்பலைத் தானே கரையில் ஏற்றினார். அந்த நேரம் கரையில் இறங்கியிருந்த அவருடைய ஆட்கள் ஐம்பது பேர், கேப்டனும் இல்லாமல் கப்பலும் இல்லாமல், ஒரு பழைய பாய்மரக் கப்பலைப் பிடித்துக்கொண்டு கிளம்பி, வழியில் சிலரை இழந்தாலும், அரேபியா வழியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பயத்தில் மட்டும் வேலை செய்து பழகியவர்களால் அது முடியுமா? நம் ஊரில் அந்தக் கப்பலின் பீரங்கிச் சத்தம் மட்டும் தங்கிவிட்டது.

பயம் ஏச்சில் மட்டும் வருவதில்லை. இதை உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஏசுகிறவர் இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. 1893 ஜூன் 22 அன்று, இன்றைய லெபனானில் இருக்கும் திரிபோலிக்கு வெளியே பிரிட்டிஷ் கடற்படை இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. தலைவர் அட்மிரல் ஜார்ஜ் ட்ரையன். தன் காலத்தில் அவரைப்போலக் கப்பல்களை ஆட்டுவிக்கத் தெரிந்தவர் இல்லை என்று பெயர். இரண்டு வரிசையும் ஒன்றை நோக்கி ஒன்று உள்பக்கமாகத் திரும்ப வேண்டும் என்றார். நடுவில் இடைவெளி 6 கேபிள், அதாவது 1,200 கெஜம். திரும்புவதற்கு 8 கேபிளாவது வேண்டும் என்று ஒரு ஆபீசர் முன்பே சொல்லியிருந்தார். ட்ரையன் சரி என்றார், பிறகு 6 என்றே கொடி ஏற்றச் சொன்னார். ஒருவர் திரும்பப் போய்க் கேட்டார். ஆறே இருக்கட்டும் என்றார். எதிர் வரிசையின் தலைவர் மார்க்கம் கொடியைப் புரியாமல் பார்த்துத் தயங்கினார். எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று எல்லாக் கப்பல்களும் பார்க்க ட்ரையனிடமிருந்து சிக்னல் வந்தது. மார்க்கம் திரும்பிவிட்டார். அட்மிரல் மனதில் நமக்குத் தெரியாத ஏதோ திட்டம் இருக்கும் என்று நினைத்தாராம். அவருடைய கேம்பர்டவுன் நேராக வந்து ட்ரையனின் விக்டோரியாவைக் குத்தியது. பதின்மூன்று நிமிடத்தில் கப்பல் மூழ்கி 358 பேர் போனார்கள், ட்ரையனும் போனார்.

இதில் எனக்கு மனது தாங்காத இடம் ஒன்று உண்டு. ட்ரையன் கொடுமைக்காரர் இல்லை. தனக்குக் கீழே இருப்பவர்கள் சொந்தப் புத்தியில் நடக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் உத்தரவுக்குக் காத்திருக்கக் கூடாது என்று அதற்காகவே ஒரு முறையை உருவாக்கிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்டவரின் பிரிட்ஜில், கணக்குத் தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்றிருந்தும் யாரும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. அவருடைய கெட்டிக்காரத்தனமே மற்றவர்களுக்கு வாய்ப்பூட்டாகிவிட்டது.

2017 ஜூன் 17 அன்று ஜப்பானுக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரு சரக்குக் கப்பலோடு மோதி 7 மாலுமிகள் இறந்தார்கள். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. கேப்டன் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கப்பல்கள் நெருங்கினால் அவரை எழுப்ப வேண்டும் என்று நிலையான உத்தரவு இருந்தது. எழுப்பவில்லை. விசாரணை அறிக்கையில் அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, அந்த நான்கு நிமிடம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

சரி, உங்கள் முதலாளி. இதற்குக் கப்பலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் கப்பல். வாங்குகிறவர் "ஐ ஹேவ் த ஷிப்" என்று உரக்கச் சொல்ல வேண்டும், சுக்கான் பிடிக்கிறவன் காதில் விழ வேண்டும். கேப்டன் பிரிட்ஜுக்கு வந்து ஒரு மணி நேரம் நின்றாலும், அந்த வார்த்தையைச் சொல்லாதவரை சுக்கான்காரனுக்கு உத்தரவு கொடுக்கிறவர் வாட்ச் ஆபீசர்தான். கேப்டனுக்கு ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அவரிடம் சொல்வார். பொறுக்க முடியவில்லையென்றால் எல்லார் முன்னாலும் கப்பலைத் தான் வாங்கிக்கொள்வார். அதில் யாருக்கும் அவமானம் இல்லை. யார் கையில் என்ன இருக்கிறது என்பது குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே 2017-ல் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் ஒரு விபத்து. ஜான் மெக்கெய்ன் என்ற கப்பலில் சுக்கான் கட்டுப்பாடு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனது அங்கிருந்தவர்களுக்கே தெரியவில்லை. சுக்கான் செத்துவிட்டது என்று நினைத்தார்கள். எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 பேர் இறந்தார்கள்.

உங்கள் முதலாளியிடம் தனியாக இருக்கும்போது கேளுங்கள். "எங்கிட்ட சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்தில நான் செய்ய வைக்கிறேன். நீங்களே நடத்தணும்னா இன்னைக்கு நான் பாத்துக்கறேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டு நடத்துங்க, நானும் உங்க பேச்சைக் கேட்டு நிக்கறேன்." உங்கள் முதலாளியை நீங்கள்தான் அறிவீர்கள், வார்த்தையை மாற்றிக்கொள்ளுங்கள்.

சேர்ந்து சாப்பிடுவதா என்ற கேள்விக்குச் சின்னப் பதில்தான். கேப்டன் தனியாகத்தான் சாப்பிடுவார். ஆபீசர்களின் சாப்பாட்டு அறையான வார்ட்ரூமுக்குக்கூட அவர் விருந்தாளியாக, அவர்கள் அழைத்தால்தான் வருவார். நாளைக்கு அவர்களில் ஒருவரை விசாரிக்க வேண்டி வரலாம் என்பதால் வந்த வழக்கம். சுக்கிரனுக்கு "வெரி குட்" சொன்ன அந்தக் கேப்டனும் தனியாகத்தான் சாப்பிட்டார். எங்களோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிய இன்னொருவருக்கு இரண்டு செல்லப்பிள்ளைகள் இருந்தார்கள், மற்றவர்கள் அவரிடம் எதுவும் சொல்ல மாட்டோம். எனவே எங்கே வேண்டுமானாலும் சாப்பிடுங்கள். அதைவிட, நல்ல கொட்டை யார் பலகைக்குப் போகிறது, மட்டக் கொட்டை யாருக்கு என்பதைக் கவனியுங்கள். கப்பலில் சாயங்காலம் நான்கிலிருந்து எட்டு வரை உள்ள வாட்சை இரண்டாக உடைத்து வைத்திருக்கிறார்கள். எதற்கு? நடுச்சாம வாட்ச் தினமும் ஒரே ஆள் தலையில் விழாமல் சுற்றி வருவதற்கு. எடைக்குக் கூலி வாங்குகிற இடத்தில் கொட்டையும் அப்படிச் சுற்றி வர வேண்டும். என் அம்மா மேனேஜரை எடை போட்டது இதை வைத்துத்தான்.

துண்டுப் பருப்புக்காக உங்களுக்கு விழுந்த ஏச்சைப் பற்றி ஒன்று. அதை நீங்கள் அப்படியே கீழே இறக்கி வைக்கவில்லை என்று நினைக்கிறேன், அப்படிச் செய்திருந்தால் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் நம் குக்ரி கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. 18 ஆபீசர்களும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலோடு போனார் என்று எல்லாரும் சொல்வார்கள். நாங்கள் பயிற்சியில் கேட்டு மனதில் நிறுத்திக்கொண்டது வேறு. அடிபட்ட காயத்தோடு, இருந்த சில நிமிடங்களில் அவர் ஆட்களை மிதவைகளில் ஏற்றி இறக்கிவிடுகிற வேலையைச் செய்தார். இன்னும் மிதவைகளைப் போடச் சொல்லிவிட்டு, வேறு யாரையாவது காப்பாற்ற முடியுமா என்று பிரிட்ஜுக்குத் திரும்பினார். 67 பேர் பிழைத்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்கள் பயிற்சியாளர் எழுந்து நின்று பேசுவார். மேலே இருந்து வருவதைத் தன் மேல் வாங்கிக்கொள்கிற ஒருவரைக் கீழே உள்ளவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் அதைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த அக்கா. உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்தான். தல்லுகிற பலகையிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மேனேஜரின் மேசைவரை ஒரு பெண் நடந்து வருவது சாதாரண விஷயம் இல்லை. எழுந்த நேரத்துக்குக் கூலி போகும், மற்றவர்கள் பார்ப்பார்கள். எம்டன் காலத்தில் யாரும் அந்த மேசைக்கு வந்திருக்க மாட்டார்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பதால் வந்து பார்த்தார். நீங்கள் ஏசவில்லை, "என்ன?" என்று மட்டும்தான் கேட்டீர்கள். அந்த ஒரு "என்ன?" போதுமானதாக இருந்திருக்கிறது. உங்கள் மேல் தப்பு சொல்லவில்லை, கணக்கில் மூழ்கி இருந்திருப்பீர்கள். ஆனால் அவர் வந்ததும் துண்டுப் பருப்பு கூடியதும் ஒரே மாதத்தில்.

நாளைக் காலையில் நோட்டு, போன் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் அவர் பலகைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காருங்கள். "அக்கா, அன்னைக்கு லோடைப் பத்தி ஏதோ சொல்ல வந்தீங்களே" என்று கேளுங்கள். முதல் நாள் சொல்ல மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். மறுநாளும் போங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அம்மாவிடமும் வாசித்துக் காட்டுகிறேன்.